எட்டு வயதுப் பிள்ளையை மேல் பிரிவில் ஆடவிடலாமா?

கோச்சே பந்து போடும் 'கோச் பிட்ச்' பிரிவில் பந்தை விளாசுகிற பிள்ளையைப் பார்த்ததும், அமெரிக்காவில் லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் ஆடவிடும் பெற்றோருக்கு "ஒரு பிரிவு மேலே போட்டால் என்ன?" என்று தோன்றும். அடிப்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அங்கே பிள்ளை அடிக்கட்டும் என்றே கோச் பந்தை மெதுவாகப் போடுகிறார். மேலே போனால் போடுவது பத்து, பதினொரு வயதுப் பையன். பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது.

முதலில் லீக் வயதைக் கணக்கிடுங்கள். லிட்டில் லீக் பேஸ்பாலில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று நிறைந்திருக்கும் வயதுதான் கணக்கு. ஆகஸ்ட் 20-இல் 9 நிறையும் பிள்ளைக்கு ஏப்ரலில் நிஜ வயது எட்டரைதான், ஏட்டிலோ 9. அதே 9-இல் இருக்கும் செப்டம்பர் பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தது. டீ-பால் (கம்பத்தில் வைத்த பந்தை அடிப்பது) 4–7, மைனர் 5–11, மேஜர் 9–12 என்று வயதுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. இந்த வரம்புக்குள் உங்கள் ஊர் லீக் தனியாகக் கோடு போட்டிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்து போடும் பிட்சர் நிற்பது, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 46 அடியில். கிரிக்கெட் பிட்சின் 66 அடியோடு ஒப்பிட்டால் 20 அடி குறைவு. மணிக்கு 50 மைல் வேகப் பந்து சுமார் 0.6 விநாடியில் வந்துவிடும், அதுவும் தரையில் குத்தாமல்.

வீட்டருகே இரண்டு மாலைகள் ஒதுக்கிச் சோதியுங்கள். டென்னிஸ் பந்து வேண்டாம். 142–149 கிராம் எடையுள்ள நிஜப் பந்தே வேண்டும். 14 மீட்டர் தள்ளி நின்று, நெஞ்சு உயரத்துக்கு 20 பந்துகளைச் சற்று அழுத்தமாக எறியுங்கள். 15 பிடித்தால் நல்லது. ஆனால் எண்ணிக்கையைவிட முகத்தையும் க்ளவ்வையும் கவனியுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ பிடித்தால் அது பிடித்ததாகாது. இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு க்ளவ் விரல்கள் வானம் பார்க்க வேண்டும். தட்டில் சோறு வாங்குவதுபோல உள்ளங்கையை மேலே காட்டி ஏந்தினால், பந்து க்ளவ்வில் வழுக்கி நேரே வாயில் படும். கிரிக்கெட் பழகிய வீட்டுப் பிள்ளைகளிடம் இது அதிகம்.

அடுத்து, ஓடுபவர் தொட வேண்டிய மூலைகளான பேஸ்களில், மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறியச் சொல்லுங்கள். பேஸ்களுக்கு இடையே 60 அடி உள்ள மைதானத்தில் அது சுமார் 85 அடி. ஒன்றிரண்டு குத்தில் சேர்ந்தால் போதும், உருண்டு போகக் கூடாது.

மூன்றாவது சோதனை பேட்டிங். ஹெல்மெட் போட்டு நிறுத்தி, பெரிய பையன் ஒருவனைப் போடச் சொல்லுங்கள். பந்து கையை விட்டதுமே முன்கால் ஹோம் பிளேட்டிலிருந்து விலகினால் பிள்ளைக்கு இன்னும் பயம் போகவில்லை. உடம்பை நோக்கி வரும் பந்துக்குத் தாடையைத் தோளில் புதைத்து, முதுகைக் காட்டித் திரும்பத் தெரிய வேண்டும். இதை மட்டும் டென்னிஸ் பந்தில் பழக்குங்கள்.

மூன்றிலும் தேறினாலும் ஒரு நஷ்டம் உண்டு. எதிரணியில் ஆறு பேர் அவுட் ஆகும்வரை களத்தில் நிற்பது, ஒரு முறை பேட்டிங் என்பதே விதி உறுதி செய்யும் குறைந்தபட்சம். மேலே போன சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும், பந்து அதிகம் வராத வலது வெளிக்களமான ரைட் ஃபீல்டில் நின்றபடி. கீழே இருந்தால் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவிலான ஷார்ட்ஸ்டாப்பில் நின்று பத்துப் பந்தாவது தொட்டிருக்கும். அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் இருந்தால் இரண்டு மைதானத்துக்கு ஓட வேண்டாமே என்ற ஆசை புரிகிறது. ஆனால் காரோட்டும் வசதிக்காக ஏற்றாதீர்கள்.

பிட்ச் எண்ணிக்கை, அதாவது பிட்சராக ஒரு பிள்ளை போடலாம் என்ற பந்துகளின் வரம்பு, பிரிவோடு மாறாது, லீக் வயதைப் பொறுத்தது: 7–8 வயதுக்கு நாளொன்றுக்கு 50, 9–10-க்கு 75. மேல் பிரிவு கோச்சுக்கு இதை நினைவூட்டுங்கள். முழங்கையின் உட்பக்கம் வலித்தால் எறிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் எலும்பின் நுனி அங்கேதான் பாதிக்கப்படும்.

அணி பிரிக்கும் முன் மேல் பிரிவோடு இரண்டு பயிற்சிக்கு அனுமதி கேளுங்கள். சீசன் தொடங்கிய பிறகு கீழே இறங்க முடியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். "முடியாது" என்றால், இந்த வருடம் கீழேயே ஆடட்டும்.