ஆயில் குறைகிறது என்றதும் இன்ஜினைப் பிரிக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கும் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் கிடையாது. எல்லா வண்டியும் ரோட்டோரம்தான். ஒருநாள் காலையில் என் பழைய மாருதி 800-க்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. வயிறு கலங்கிவிட்டது. நான் வேலைக்குப் போனதும் அதே இடத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கிறது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கறை அதனுடையது! ஆனால் என் வண்டியிலும் ஆயில் குறைந்துகொண்டுதான் இருந்தது. தரையைப் பார்த்து முடிவெடுப்பது முதல் தவறு என்று அன்று புரிந்தது. கறை இருந்தால் அது நம் வண்டியுடையது என்றும் இல்லை, கறை இல்லாவிட்டால் கசிவு இல்லை என்றும் இல்லை. சில கசிவு இன்ஜின் சூடாகி, ஆயில் அழுத்தத்தோடு ஓடும்போது மட்டுமே வரும். அது காற்றில் பின்னால் சிதறி அடித்தட்டில் அப்பிக்கொள்ளும், தரைக்கு ஒரு சொட்டும் வராது.

அடுத்தது அளவு பார்க்கும் விதம். நம் பக்கத்துத் தெருக்களில் ரோடு மேல் ரோடு போட்டு நடு உயர்ந்து ஓரம் சரிந்து கிடக்கும். ஓரத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சொல்வதை நம்ப முடியாது. பெட்ரோல் பங்க் மாதிரி சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். எப்போதும் அதே இடம், அதே முறை. எத்தனை மில்லி ஊற்றினீர்கள், அப்போது ஓடோமீட்டரில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘அடிக்கடி ஊத்துறேன்’ என்பதை வைத்து எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது.

கிலோமீட்டர் கணக்கும் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் மணிக்கணக்கில் இன்ஜின் ஓடும், மீட்டர் நகராது. அதுவும் ஐடிலிங்கில், அதாவது நின்றபடி ஓடும்போது, பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் உறிஞ்சு விசை அதிகம். வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வ் சீல் காய்ந்து இறுகிப்போயிருந்தால், நிற்கும் நேரமெல்லாம் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். லாரி நகர்ந்து நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு கொத்து நீலப் புகை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வந்து நின்றுவிட்டாலும் பெரும்பாலும் வால்வ் சீல்தான். மாறாக, பாரம் ஏற்றி மேம்பாலம் ஏறும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ‘ரிங் போச்சு, போர் பண்ணணும்’ (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கணும்) என்று இன்ஜினை இறக்குவதுதான் பர்ஸைக் காலி செய்யும் தவறு.

இன்னொரு விசித்திரம் உண்டு. தினமும் பக்கத்தில் மின்ட் வரை மட்டும் போய் வரும் வண்டி. ஆயில் அளவு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒரு ஞாயிறு திருப்பதி போய் வந்தால் திடீரென்று கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் ஆயிலைக் குடித்துவிட்டது என்று பயப்படுவார்கள். நடப்பது வேறு. குட்டி ஓட்டங்களில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலந்து, குறைந்த அளவை மறைத்துவந்திருக்கும். நீண்ட பயணச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் போக, உண்மை அளவு தெரிகிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அதே குட்டி ஓட்டத்தால் ஆயில் மூடிக்குள் வெள்ளையாகப் பசை படிவதும் உண்டு. கடல் பக்கத்து ஈரக்காற்றில் இது சகஜம். அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்) போய்விட்டது என்று குதிக்க வேண்டாம். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் காபி நிறமானால், அல்லது கூலன்ட்டும் குறைந்தால், அப்போது வண்டியை எடுக்காதீர்கள்.

சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது காட்டுவது ஆயில் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரிவதற்குள் காலம் கடந்திருக்கலாம்.

சரி, கசிவுதான் என்று வைத்துக்கொள்வோம். அழுக்கு இன்ஜினில் கசிவு தேடுவது மீன் மார்க்கெட்டில் ஒரு நாற்றத்தைத் தேடுவது போல. இன்ஜின் ஆறியதும் பிரஷ் வைத்துத் துடைத்துக் கழுவி, காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது. பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். ஆயில் கீழேதான் வழியும், ஆகவே ஈரமான இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

இதைச் செய்யாமல் நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுவதைப் பார்த்த ஒரு மெக்கானிக், ‘கிராங்க் சீல் போச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்’ என்றார். வியாசர்பாடியில் வயதான இன்னொருவர், ‘கையை மேல விட்டுத் தடவிப் பாரு தம்பி, ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு’ என்றார். ஹெட்டின் ஓரத்தில் டிஸ்ட்ரிப்யூட்டர் உட்காரும் இடத்தில் ஆரம்பித்தது. ஒரு ரப்பர் வளையம் மாற்றியதோடு சொட்டுவது நின்றது. ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஆகியவையும் இதே மாதிரி கீழே வழிந்து பெரிய பழியைச் சீல் மேல் போடும்.

புது சீல் போட்டும் மறுபடி கசிந்தால், டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்தால் எந்தச் சீலும் தாங்காது.

மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் தவறு. இன்ஜினுக்குள் அடியில் சுற்றும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி, பிரீதர் வழியே ஏர் ஃபில்டருக்கு அனுப்பும். கெட்டியான ஆயிலுக்கு மாறுவது புகையைக் கொஞ்சநாள் மறைக்கும். வண்டியை விற்கப்போகிறவர்கள் செய்யும் வேலை அது.

கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளப்பது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வ் சரியாக மூடவில்லை அல்லது ஹெட் கேஸ்கெட் (வால்வ் சீல் பற்றி இது ஒன்றும் சொல்லாது). ஆனால் கம்ப்ரஷன் நன்றாக வந்ததால் ரிங்குக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. பிஸ்டனில் அடியில் இருக்கும் ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால், மேல் ரிங்குகள் அழுத்தத்தைப் பிடித்து நிற்கும், ஆயில் மட்டும் எரியும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். எந்த சிலிண்டர் பிளக்கில் ஆயில் கரி அப்பியிருக்கிறதோ, தகராறு அங்கே.

என் வண்டி இப்போது 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடிக்கிறது. புகை இல்லை. டிக்கியில் ஒரு ஆயில் டப்பா கிடக்கிறது, இன்ஜினைத் தொடும் எண்ணம் எனக்கு இல்லை.