வேலையில் சேரும் முன் டூட்டி ரூமைப் பாருங்கள்

டூட்டி டாக்டராகச் சேரப் போகிறவர்கள் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய், பணியில் இருக்கும் டாக்டர் ஓய்வெடுக்கும் டூட்டி ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா, கட்டிலில் துவைத்த விரிப்பு கிடக்கிறதா? 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த ஒரு பெண் பயிற்சி மருத்துவர் ஓய்வெடுக்கப் போனது கருத்தரங்கு அறைக்கு, கொல்லப்பட்டதும் அங்கேதான். தாழ்ப்பாளைச் சின்ன விஷயம் என்று விடவே விடாதீர்கள்.

அப்புறம், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் சீனியர் போனை எடுப்பாரா, எடுத்தால் திட்டுவாரா? என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். வேலைப்பளுவைக்கூடத் தாங்கிவிடலாம், ஆனால் துணைக்கு ஆளில்லாமல் தவிப்பதைத் தாங்க முடியாமல்தான் நான் முதலில் சேர்ந்த இடத்திலிருந்து 3 மாதத்தில் நொந்துபோய் வெளியே வந்தேன்.

இரவு டூட்டிக்கு மறுநாள் ஓய்வு உண்டா என்று பட்டியலை வாங்கிப் பாருங்கள். மருத்துவரைத் தாக்கினால் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. அப்படி நடந்தால் நிர்வாகமே புகார் கொடுக்குமா, சமரசம் பேசி அனுப்பிவிடுமா என்பதையும் நேரிலேயே கேட்டுவிடுங்கள்.