பழைய இடுகாட்டைப் படிப்பது எப்படி? தெயோமாவை வைத்து ஒரு பயிற்சி

தென் பசிபிக்கில் உள்ள வனுவாட்டு நாட்டின் எஃபாட்டே தீவில், தெயோமா என்ற இடத்தில், இறால் பண்ணைக்கு மண் அள்ளியபோது 2003இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. அடுத்த ஆண்டு தோண்டத் தொடங்கினார்கள். கீழே இருந்தது சுமார் 3,000 ஆண்டு பழைய இடுகாடு. பசிபிக்கில் யார், எப்போது குடியேறினார்கள் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

படி 1: வரைபடத்தை எடுங்கள். சாலமன் தீவுகளின் பெரிய வரிசை முடியும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேற்கே, நியூகினியில் 40,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இருக்கிறார்கள். தென்கிழக்கே 300 கி.மீ.க்கு மேல் வெறும் கடல். தெயோமா அதற்கும் அப்பால் இருக்கிறது.

படி 2: பானையைப் பாருங்கள். பல் வைத்த கருவியால் ஈர மண்ணில் புள்ளி புள்ளியாகக் குத்திய கோலம் இருந்தால் அது லாப்பிட்டா பாணி. நியூகினிக்குப் பக்கத்திலுள்ள பிஸ்மார்க் தீவுகளிலிருந்து சமோவா வரை இதே பாணி கிடைக்கிறது. வந்தவர்களின் தடம் அது.

படி 3: காலக்கணக்கு. எலும்பிலுள்ள கார்பனை வைத்து வயதைக் கணிப்பார்கள். இங்கே அவசரம் கூடாது. மீனும் சிப்பியும் தின்றவர்களின் எலும்பில் கடலின் பழைய கார்பன் சேர்ந்திருக்கும். திருத்தாமல் விட்டால் வயது கூடுதலாகக் காட்டும்.

படி 4: உடல் எப்படிக் கிடக்கிறது? தெயோமாவில் பெரியவர்களுக்குத் தலை இல்லை. வெட்டிக் கொன்றதாக முடிவு கட்டிவிடாதீர்கள். தசை அழுகிய பிறகு குழியைத் திறந்து தலையை எடுத்திருக்கிறார்கள். சிலருக்குத் தலை இருந்த இடத்தில் சங்கு வளையம் வைத்திருந்தது. ஒருவரின் உடல்மேல் வேறு மூவரின் மண்டையோடுகள்.

படி 5: பல். சிறுவயதில் வளர்ந்த மண்ணின் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் பல் எனாமலில் தங்கிவிடும். இங்கே சிலரின் அளவு எஃபாட்டேயோடு பொருந்தவில்லை. வேறெங்கோ வளர்ந்து வந்தவர்கள்.

படி 6: டிஎன்ஏ. வெப்பமண்டலத்தில் அது சீக்கிரம் சிதையும். ஓரளவு தாங்குவது உள்காதைச் சுற்றிய கெட்டி எலும்பு. அது மண்டையோட்டில்தான் இருக்கிறது, மண்டையோடுகளோ பெரும்பாலும் இல்லை! ஆனாலும் மூன்று பெண்களின் மரபணு கிடைத்து, 2016இல் முடிவு வெளியானது. தைவான் பழங்குடிகளுக்கும் வடக்குப் பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் நெருக்கம். பாப்புவா கலப்பு, அதாவது நியூகினிப் பக்கத்துப் பழைய மக்களின் கலப்பு, கிட்டத்தட்ட இல்லை.

இனி உங்கள் முறை. இன்றைய வனுவாட்டு மக்களின் மரபணுவில் பாப்புவா வம்சாவளியே அதிகம். ஆனால் பேசும் மொழிகள் முதலில் வந்தவர்களின் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தவை (தைவானிலிருந்து பசிபிக் வரை பரவிய மொழிக் குடும்பம்). பிற்கால எலும்புக்கூடு ஒன்று கிடைத்தால், மேற்சொன்ன படிகளில் எதை முதலில் செய்வீர்கள்?