புதைகுழாயும் பக்கத்து அடித்தளமும்: ஐரோப்பியத் தரநிலைகளின்படி கணக்கிடும் முறை

சாலைக்கு அடியில் செல்லும் கழிவுநீர்க் குழாயைக் கணக்கிட உட்காருபவர் பெரும்பாலும் குழாய் நிறுவனத்தின் விவரப்பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறார். முதலில் எடுக்க வேண்டியது மண் ஆய்வறிக்கை. பிவிசி, பாலிஎத்திலீன் போன்ற நெகிழ்குழாய்களில் சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது குழாயின் இருபக்கமும் கெட்டித்து நிற்கும் மண்தான். இதை எண்களில் ஒருமுறை பார்த்துவிட்டவர் குழாயின் விறைப்பைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதையும் செலவிட மாட்டார்.

புதைகுழாய்களின் கட்டமைப்பு வடிவமைப்புக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 1295-1. 1997-இல் வெளிவந்து 2019-இல் திருத்தப்பட்ட இந்த ஆவணம் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே சூத்திரத்தைத் திணிப்பதில்லை. என்னென்ன சுமைகளையும் எந்தெந்த எல்லைநிலைகளையும் (குழாய் உடைதல், அளவுக்கு மீறி நசிதல் போன்றவை) சரிபார்க்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டு, கணக்கு முறையை அந்தந்த நாட்டின் வழக்கத்துக்கு விடுகிறது. ஜெர்மனியில் ஏ 127 விதித்தொகுப்பும், பிரான்சில் ஃபாசிக்கூல் 70-உம், பிரிட்டனில் அமெரிக்கப் பொறியாளர்கள் மார்ஸ்டன், ஸ்பேங்ளர் ஆகியோரின் வழிவந்த முறையும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு முறையிலும் மண்ணின் மாடுலஸ் (அமுங்காமல் எதிர்க்கும் விறைப்பு), பாதுகாப்புக் காரணி, அனுமதிக்கும் நசிவு (சுமையால் குழாயின் விட்டம் குறுகும் அளவு) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே நிர்ணயிக்கப்பட்டுள்ளன. ஒன்றை ஜெர்மன் முறையிலிருந்தும் மற்றொன்றை பிரிட்டிஷ் முறையிலிருந்தும் எடுத்துக் கோத்தால், கிடைக்கும் விடைக்கு எந்த முறையும் பொறுப்பேற்காது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 400 மில்லிமீட்டர் பிவிசி குழாய், விறைப்பு வகை எஸ்என் 8 (அதாவது சதுர மீட்டருக்கு 8 கிலோநியூட்டன்), குழாயின் மேல் 2.5 மீட்டர் மண், மண்ணின் எடை கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று கொள்வோம். மண்ணால் வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 50 கிலோநியூட்டன். வாகனச் சுமைக்கு யூரோகோட் 1-இன் பாலச் சுமைப் பகுதியான இஎன் 1991-2-இல் உள்ள முதல் சுமை மாதிரியை எடுக்கலாம். அதில் முதல் தடத்தில் தலா 300 கிலோநியூட்டன் கொண்ட இரண்டு அச்சுகள் 1.2 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அச்சுக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றும் 0.4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் பதிகிறது. சுமை, இரண்டு பங்கு ஆழத்துக்கு ஒரு பங்கு பக்கவாட்டில் என்ற சரிவில் பரவுவதாக வைத்தால், 2.5 மீட்டர் ஆழத்தில் அது 4.1-க்கு 4.9 மீட்டர் பரப்பில் விரிந்து, சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோநியூட்டனாகக் குறையும். தடம் முழுவதும் பரவிய 9 கிலோநியூட்டனைக் குறைக்காமல் சேர்த்தால் 39.

ஸ்பேங்ளரின் சூத்திரப்படி, நசிவு விகிதத்தின் மேற்பகுதியில் படுகைக் காரணியால் பெருக்கிய மொத்தச் சுமை வரும். கீழ்ப்பகுதியில் குழாய் விறைப்பின் எட்டு மடங்கும் மண் மாடுலஸின் 0.061 மடங்கும் கூட்டி வரும். குழாயின் அடியில் படுகை தாங்கும் விதத்தைக் குறிக்கும் இந்தப் படுகைக் காரணி 0.1, காலப்போக்கில் கூடும் நசிவுக்காக மண் சுமைக்கு மட்டும் 1.5 என்று வைத்தால் மேற்பகுதி 11.4. கீழ்ப்பகுதியில் குழாயின் பங்கு 64. நன்கு கெட்டித்த சிறுசல்லிக்கு மாடுலஸ் 5,000 கிலோபாஸ்கல் என்றால் மண்ணின் பங்கு 305. நசிவு 3.1 விழுக்காடு.

அதே பள்ளத்தில் தோண்டிய களிமண்ணையே கெட்டிக்காமல் தள்ளி மூடினால் மாடுலஸ் 1,000 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது நசிவு 9 விழுக்காட்டைத் தாண்டும். இதைச் சரிக்கட்டக் குழாயை எஸ்என் 16 ஆக உயர்த்தினாலும் 6 விழுக்காட்டுக்குக் கீழே வராது. ஒப்பீட்டுக்காக மட்டும் சொன்னால், ஏ 127 நீண்டகால நசிவுக்கு வைத்திருக்கும் வழக்கமான வரம்பே 6 விழுக்காடுதான். மாறாக, நல்ல சிறுசல்லியில் எஸ்என் 4 குழாயைப் போட்டாலும் நசிவு 3.4 விழுக்காடுதான் வரும். பிவிசியின் விறைப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மோசமான நிரப்பில் விலை கூடிய குழாயைப் போடுவது பணத்தை மண்ணில் புதைப்பதுதான்.

பள்ளத்தின் அகலத்திலும் கண் வையுங்கள். பக்க நிரப்பு குறுகலாக இருந்து அதற்கு அப்பால் உள்ள இயற்கை மண் மென்மையாக இருந்தால், நிரப்பின் மாடுலஸை முழுமையாக எடுக்கக் கூடாது. பள்ளத்தின் அகலத்தையும் இரு மண்களின் மாடுலஸையும் வைத்துக் கணிக்கும் லியோன்ஹார்ட் காரணியால் குறைக்க வேண்டும். குழாய் பதிக்கும் வேலைக்கான தரநிலையான இஎன் 1610 தரும் குறைந்தபட்ச அகலம், தாங்குபலகை வைத்த பள்ளத்தில், 350-க்கு மேல் 700 மில்லிமீட்டர் வரையிலான குழாய்க்கு வெளிவிட்டத்தோடு 0.70 மீட்டர். ஆள் இறங்கிக் கெட்டிப்படுத்த வேண்டிய இடம் அது. நிரப்பிக் கெட்டித்த பிறகு தாள்தூண்களை (பள்ளச் சுவரைத் தாங்க மண்ணில் இறக்கிய எஃகுத் தகடுகளை) உருவினால் அவை நின்ற இடம் வெற்றிடமாகி, குழாயின் பக்கத்து மண் தளர்ந்துவிடும். ஏ 127 இந்த நிலைமைக்குத் தனி வகையே வைத்துள்ளது. படியாக நிரப்பும்போதே படியாக உருவுவார்களா, கடைசியில் உருவுவார்களா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கான்கிரீட், சுட்ட களிமண் போன்ற விறைப்பான குழாய்களின் கணக்கு சுருக்கமானது. மார்ஸ்டன் முறையில் பள்ளத்துச் சுமையைக் கண்டுபிடித்து, குழாயின் நசுக்கு வலிமையைப் படுகைக் காரணியால் (இது மேலே வந்த 0.1 அல்ல, வலிமையைப் பெருக்கும் வேறொரு காரணி) பெருக்கி, சுமையோடு ஒப்பிட்டு, வேண்டிய பாதுகாப்புக் காரணி கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். பிரிட்டிஷ் வழக்கில் கான்கிரீட் குழாய்க்கு அடியில் மட்டும் சல்லிப் படுகை போட்டால் காரணி 1.5, முழுக்கச் சல்லியால் சூழ்ந்தால் 2.2. இங்கும் வலிமையைக் கூட்டித் தருவது மண்வேலையே.

நிலத்தடி நீர் உயரும் இடத்தில் மிதப்பைச் சரிபாருங்கள். மண்சார் வடிவமைப்புக்கான யூரோகோட் 7-இன் 2004 பதிப்பு இதில் நிலைப்படுத்தும் எடையை 0.9-ஆலும், தூக்கும் நிரந்தர விசையை 1.0-ஆலும் பெருக்கச் சொல்கிறது. மேற்கண்ட குழாயைத் தூக்கும் விசை மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோநியூட்டன். மேலே உள்ள 2.5 மீட்டர் மண், நீரில் மூழ்கிய நிலையிலும், குறைத்தபின் சுமார் 9 கிலோநியூட்டன் தருகிறது. மூடியபின் கவலையில்லை, மூடுவதற்கு முந்தைய இரவில் மழை பெய்து பள்ளம் நிறைந்தால் வெற்றுக் குழாய் மிதந்துவிடும். அந்த இடைநிலையையும் கணக்கில் எழுத வேண்டும்.

குழாய் சேரும் நீரேற்று நிலையத்தின் தூண் அடித்தளத்துக்கு யூரோகோட் 7-இன் முதல் பகுதியான இஎன் 1997-1 வேண்டும். 2004 பதிப்பில், பாதுகாப்புக் காரணிகளைச் சுமை, மண் வலிமை, தாங்குதிறன் ஆகியவற்றில் எதில் போடுவது என்பதில் வேறுபடும் மூன்று வடிவமைப்பு அணுகுமுறைகள் உள்ளன: பிரிட்டன் முதலாவதையும், ஜெர்மனி இரண்டாவதையும், நெதர்லாந்து மூன்றாவதையும் எடுத்துக்கொண்டன. 2 மீட்டர் சதுர அடித்தளம், 1 மீட்டர் ஆழம், வடிகாலற்ற வெட்டுவலிமை (உள்ளிருக்கும் நீர் வெளியேறும் முன் உள்ள வலிமை) 60 கிலோபாஸ்கல் கொண்ட களிமண், நிரந்தரச் சுமை 500, மாறும் சுமை 150 கிலோநியூட்டன் என்று வைத்துப் பார்த்தால், முதல் அணுகுமுறையின் இரண்டாம் காரணிச் சேர்க்கையில் (மண் வலிமையைக் குறைத்துக் கணக்கிடுவது) தாங்குதிறனில் 61 விழுக்காடு பயன்படுகிறது. இரண்டாம் அணுகுமுறையில் 81 விழுக்காடு. இரண்டிலும் தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். காரணி போடாத தாங்குதிறன் சேவைச் சுமையை (காரணி போடாத மொத்தச் சுமையை)ப் போல் மூன்று மடங்குக்குக் குறைந்தால் அமிழ்வைக் கட்டாயம் கணக்கிட வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. இங்கே அது 2.4 மடங்குதான். களிமண்ணில் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் அமிழ்வுதான்.

அந்த அமிழ்வு குழாயையும் பாதிக்கும். கட்டடம் 20 மில்லிமீட்டர் இறங்கி, வெளியே உள்ள குழாய் இறங்காமல் நின்றால், சுவரில் நுழையும் இடத்தில் குழாய் வெட்டுப்படும். அதனால் சுவரை ஒட்டியே ஒரு நெகிழ் இணைப்பும், அடுத்து ஒரு குட்டைக் குழாயும், அதன் மறுமுனையில் இன்னொரு நெகிழ் இணைப்பும் வைக்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் 150 முதல் 600 மில்லிமீட்டர் வரையிலான குழாய்க்கு இந்தக் குட்டைத் துண்டின் நீளம் 0.6 மீட்டர். ஏற்கெனவே நிற்கும் அடித்தளத்தின் அருகே, அதைவிட ஆழமாகப் பள்ளம் தோண்டினால், இங்கிலாந்தின் கட்டட விதிகளின் எச் பகுதி வழிகாட்டுகிறது: தூரம் 1 மீட்டருக்குள் என்றால் பள்ளத்தை அடித்தளத்தின் அடிமட்டம் வரை கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும்.

கணக்கு முடிந்ததும், எடுத்துக்கொண்ட தரநிலைப் பதிப்பு, நிரப்புப் பொருள், கெட்டிப்பு விழுக்காடு, பள்ளத்தின் அகலம், தாள்தூண் உருவும் முறை, மூடும் வரை நீரை இறைக்க வேண்டிய நிபந்தனை ஆகிய அனைத்தையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். பள்ளத்தில் இறங்கும் மேற்பார்வையாளர் கையில் இருக்கப்போவது கணக்குப் புத்தகமல்ல, அந்த ஒரு தாள்தான்.