பழைய தையல் நூலும் பாபினும்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

நூல் வாங்கி எத்தனை வருடமாயிற்று என்ற கணக்கு அதிகம் உதவாது. இருட்டான பெட்டியில் கிடந்த பழைய நூல் நன்றாக இருக்கும். ஜன்னலோரம் வெயில் பட்ட நூல் சீக்கிரமே இற்றுப்போயிருக்கும். அதனால் இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வெளிச்சுற்றில் இரண்டு மூன்று மீட்டரை உருவிப் போட்டுவிடுங்கள். வெளிச்சமும் தூசியும் தின்றது அந்தப் பகுதியைத்தான். அடுத்து வரும் நூலில் ஓர் அடி எடுத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் சுற்றிக்கொண்டு மெதுவாக இழுங்கள். நல்ல பருத்தி நூல் விரலில் தடம் பதிய வைத்துவிட்டு ‘பட்’டென்று அறும். பாலியெஸ்டர் கொஞ்சம் நீண்டு கொடுத்து அறும். சத்தமே இல்லாமல் இழை பிரிந்து கையோடு வந்தால் அது இற்ற நூல். ஒரே கண்டில் மூன்று இடங்களில் பாருங்கள். அதே தடிமனுள்ள புது நூலையும் பக்கத்தில் வைத்து இழுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

என்ன நூலென்றே தெரியாவிட்டால், ஒரு துண்டை இடுக்கியால் பிடித்து எவர்சில்வர் தட்டின்மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. வளையல் சுற்ற ‘சில்க் நூல்’ என்று கடையில் விற்பது பெரும்பாலும் ரேயான். அதுவும் காகிதம் போலத்தான் எரியும். ரேயான் நனைந்தால் பலம் குறையும் என்பதால், துவைக்கும் துணியில் தையலுக்கு அதை நம்பக் கூடாது.

இங்கேதான் பலர் ஒரு குறுக்கு வழி பார்க்கிறார்கள். ஊசியில் கோத்தால் அறுந்துகொண்டே இருக்கும் நூலை பாபினில், அதாவது மெஷினின் அடியில் உட்காரும் சிறு உருளையில், சுற்றி அடிநூலாக ஓட்டிவிடுகிறார்கள். மெஷினும் தடையில்லாமல் தைக்கும். காரணம், மேல்நூல் ஒவ்வொரு தையலிலும் ஊசிக்கண் வழியே முன்னும் பின்னும் உராய்கிறது. அடிநூலுக்கு அந்த உராய்வு இல்லை. ஆனால் தையலின் பலம் இரண்டு நூலில் நோஞ்சானாக இருப்பதன் பலம்தான். ரவிக்கையின் அக்குளிலும் பேன்ட்டின் பின்தையலிலும் முதலில் விடுவது இந்த அடிநூல்தான். இற்ற நூலுக்கு அடிப்பக்கம் புகலிடம் அல்ல.

அதற்கென்று வேறு வேலை உண்டு. பிறகு பிரித்துவிடப் போகும் ஓட்டுத்தையலுக்கு, சுலபமாக அறும் நூல்தான் வசதி. ஆனால் வெள்ளைத் துணியில் அடர்நிற நூலை ஓட்டுமுன், ஈரத் துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். பலமாக இருந்தும் நிறம் ஒத்துவராத மிச்ச நூலை உள்துணி தைக்கவும், மெஷின் பழகவும் தீர்க்கலாம்.

பாபினில் மிச்சமிருக்கும் நூல்மேல் புது நூலைச் சுற்றாதீர்கள். அடிச்சுற்று மேடுபள்ளமாக இருப்பதால் அடிநூல் விட்டுவிட்டு வரும். மேலே சுற்றிய புது நூல் தீரும் இடத்தில் பழைய நுனி சிக்கி மெஷின் நிற்கும். பழையதைக் கையால் உருவி எடுங்கள். பிளேடால் கீறினால் பாபினில் கீறல் விழும். அதில் நூல் மாட்டும். சுற்றும்போது விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பாலியெஸ்டரை வேகமாகச் சுற்றினால் இழுபட்டு ஏறி, தைத்தபின் சுருங்கித் துணியைச் சுருக்கும்.

பாபினைத் தரமறிய, கண்ணாடிமேல் உருட்டுங்கள், ஆடினால் வேண்டாம். விளிம்பைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு மாட்டும் இடத்தில் நூலும் மாட்டும். லேசான துருவை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவி, முழுக்கத் துடைத்துவிடலாம். குழி விழுந்திருந்தால் துணியில் கறை ஏறும், தூக்கிப் போடுங்கள். விலை மலிந்த பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

புதிது வாங்கப் போகும்போது பழைய பாபினைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டுக் கறுப்பு மெஷின்களில் பரவலாக இருப்பது சுமார் 20 மில்லிமீட்டர் விட்டமும் 11 முதல் 12 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, இரு பக்கமும் தட்டையான பாபின். பக்கம் லேசாக வளைந்த வேறு வகையும் அந்த மெஷினில் உட்கார்ந்துவிடும், ஆனால் இழுவிசை சரியாக வராது. பாபினைப் போடும் கூடான பாபின் கேஸில், நூலை அழுத்தும் பட்டைக்கு அடியில் அடைந்த நூல்தூசியை மடித்த காகித முனையால் எடுங்கள், ஊசியால் அல்ல. பிறகு நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உதறினால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் அந்தப் பட்டையின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள்.

நூல் நுனி அவிழாமலிருக்க ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அது இளகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். கடலோர ஊர்களில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கழிக்கும் நூலை விரல் நீளத்துக்கு நறுக்கிய பிறகே குப்பையில் போடுங்கள். நீள நூல் புறா, காக்கையின் காலில் சுற்றி இறுகி விரலையே அழுகவைக்கும். கூடு கட்டட்டும் என்று வெளியே வைப்பதும் இதே கேடுதான். பாலியெஸ்டரைக் குப்பையோடு கொளுத்த வேண்டாம், உரக்குழியிலும் போட வேண்டாம். நறுக்கிய துண்டுகளை ஊசிமெத்தைக்குள் திணிக்கலாம். உடைந்த ஊசிகளை மூடியுள்ள டப்பாவில் சேருங்கள். இரும்புப் பாபின்கள் காயலான் கடைக்குப் போகலாம்.