எஸ்ஐபி பணத்தை எடுக்கும் முன் தேதியைப் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மாதச் சம்பளத்தில் ஈக்விட்டி ஃபண்டில் (பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு, போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எஸ்ஐபி தொடங்கி ஒரு வருடம் ஆனதும் மொத்தப் பணமும் நீண்டகால முதலீடாகிவிடாது. ஒவ்வொரு தவணையும் தனித்தனியாக 12 மாதத்தைத் தாண்ட வேண்டும். அதற்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. தாண்டிவிட்டால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம், செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) தனி. (2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். பழைய 10, 15 சதவீதக் கணக்கை நம்பாதீர்கள்.) முதலில் வாங்கிய யூனிட்தான் (ஃபண்டில் உங்கள் பங்கு) முதலில் விற்றதாகக் கணக்காகும்.

சரி, காட்பாடியில் மனைக்குப் பெரிய தொகை தேவையா? மார்ச் 31க்குள் கொஞ்சம், ஏப்ரலில் மீதி என்று பிரித்து எடுங்கள். இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும்.