ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நடை: பெங்களூரில் மன அழுத்தம் குறைக்கத் தொடங்குவது எப்படி?

லேப்டாப்பை மூடிய பிறகும் மண்டைக்குள் மீட்டிங் ஓடிக்கொண்டே இருக்கிறது. வழியெல்லாம் டிராஃபிக். சில்க் போர்டு சந்திப்பில் தினமும் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டோடு வீட்டுக்குள் நுழைந்து, ஒரு பாவமும் அறியாத பிள்ளையிடம் எரிந்து விழுகிறோம்.

நடந்தால் மனசு லேசாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பலர் தொடங்கிய வேகத்தில் விட்டுவிடுகிறார்கள். காலை 5 மணிக்கு எழ வேண்டும், எடை குறைய வேண்டும் என்று அதை இன்னொரு கடமையாக்கிக்கொள்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மன அழுத்தத்துக்கான நடை வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அன்றைய பாரம் வாசலுக்கு வருமுன் இறங்குவதற்கான நேரம் அது.

மனம் பதறும்போது உடலில் அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தயாராகிவிடுகிறது. நாமோ நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. அப்படித் திரண்ட இறுக்கத்தை அசைவு தளர்த்துகிறது.

படி 1: போகிற வழியிலேயே இடம் பாருங்கள்

நடப்பதற்கென்று தனியாக ஓர் இடத்துக்குப் பயணம் போகத் திட்டமிட்டால் நாலு நாள்கூடத் தாங்காது. மெட்ரோ பர்ப்பிள் லைனில் அல்சூர் வருபவர், ஒரு ஸ்டேஷன் முன்னதாக டிரினிட்டியிலேயே இறங்கி நடக்கலாம். எம்.ஜி. ரோடு பக்கம் வேலை என்றால், கப்பன் பார்க்கில் கொஞ்சம் சுற்றிவிட்டு அங்கேயே மெட்ரோ பிடிக்கலாம். பசவனகுடி, ஜெயநகர்க்காரர்களுக்கு 240 ஏக்கர் லால்பாக் இருக்கிறது. அங்குள்ள பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழையது. அதன்மேல் ஏறி நின்றால் அன்றைய எஸ்கலேஷன் மெயில் எவ்வளவு சின்னது என்று தெரியும். ஆனால் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். வேலை முடிய இரவாகும் என்றால் அதை விடுமுறை நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். அவர்களுக்கு நடுவழி என்று ஒன்றே கிடையாது. வேலை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி, நாலு தெரு சுற்றிவிட்டு வாருங்கள். அதுதான் ஆபீஸ் விட்டு வருவது.

படி 2: வீட்டில் சொல்லிவிடுங்கள்

நீங்கள் நிம்மதியாக நடக்கும் நேரத்தில் வீட்டில் இன்னொருவர் பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டக் கூடாது. இருவரும் வேலைக்குப் போகிற வீடென்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடந்துவிட்டு வந்ததும் மற்றவர் கிளம்பட்டும்.

படி 3: போன் பைக்குள்

வீட்டு அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்துவிட்டு மற்றதை மௌனமாக்குங்கள். எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்கவும் வெளியே எடுக்க வேண்டாம். அம்மாவிடம் பேசினால் மனசு ஆறும் என்றால் பேசுங்கள். ஆனால் டீம் ஆட்களோடு நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. பேச்சு எங்கே தொடங்கினாலும் அப்ரைசலில்தான் போய் நிற்கும்.

படி 4: இனி நடை

முதல் 5 நிமிடம் மெதுவாகவே போங்கள். அந்த நேரத்தில் உடம்பை ஒருமுறை பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? கை மூடியிருக்கிறதா? ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பையை ஒற்றைத் தோளில் தொங்கவிடாமல் இரண்டிலும் மாட்டுங்கள்.

அப்புறம் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

இப்போது மூச்சு. 4 அடி வைக்கும்வரை மூக்கால் இழுங்கள், 6 அடி வைக்கும்வரை விடுங்கள். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடும்போது உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளின் கை ஓங்குகிறது, இதயத் துடிப்பு தணிகிறது. இரண்டு மூன்று நிமிடம் செய்தாலே போதும். தலை லேசாகச் சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

கடைசியாகக் கண். நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்குத் தூரத்தைப் பார்ப்பதே ஓய்வு. அல்சூர் ஏரிப் பக்கம் போனால் ஓரமாக நின்று எதிர்க்கரை மரங்களைப் பாருங்கள். தபேபுயா மரங்கள் பூக்கும் மாதங்களில் கப்பன் பார்க்கில் நின்ற இடத்திலேயே தலைக்கு மேல் ரோஜா நிறம். ஃபுட்பாத்தில் நடக்கும்போது மட்டும் கண் கீழேயே இருக்கட்டும். எந்தக் கல் பெயர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மேனேஜர் சொன்ன வார்த்தை நடுவில் வரத்தான் செய்யும். அதை விரட்டப் போராட வேண்டாம். வந்தால் வரட்டும், மறுபடி காலடிக்குத் திரும்புங்கள்.

முதல் இரண்டு வாரம் தினம் 10 நிமிடம் போதும். பிறகு 15, 20 என்று கூட்டலாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் போகப்போக எட்டலாம், முதல் நாளே அதை நினைத்து மலைக்க வேண்டாம்.

மழை பிடித்துக்கொண்டால்

மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் மாலை மழை சாதாரணம். அன்றைக்குக் கைக்கு வேலை கொடுங்கள். வீட்டுக்குள் புள்ளிக் கோலம் போடலாம், தொட்டிச் செடிகளுக்கு மண் கிளறிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கைவேலை மழைக்காலம் முடிந்து மார்கழி, தை மாதங்களில் வருகிறது: பிதுக்கு அவரை. உரித்த அவரைக் கொட்டைகளைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். தோல் உப்பியதும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், தோல் விரலிலேயே தங்கும். அதிகம் அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். அதனால் கவனம் விரல் நுனியிலேயே நிற்கும், வேறெங்கும் ஓடாது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தால் யாரும் சொல்லாமலே பேச்சு தொடங்கிவிடும். அப்புறம் குழம்பும் கிடைக்கிறது.

நடை மட்டும் போதாத நேரம்

நடக்கும்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் நின்றுவிடுங்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். இதய நோய், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை முட்டிக்கொண்டு இருந்தால் அதை நடையால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். மனநலத்துக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். உடனே அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.